கறி இல்லாத கொத்துக்கறி: கேள்வி - பதில்

புரட்டாசி நெருங்க நெருங்க இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்கள் ஒரே திசைக்குத் திரும்பிவிடும். இந்த முறை மூட்டையைப் பிரித்தால் முக்கால்வாசி கொத்துக்கறியைப் பற்றித்தான். அதனால் இந்த இதழ் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

புரட்டாசி முழுக்க எங்கள் வீட்டில் கறி கிடையாது. மற்றதெல்லாம் சமாளித்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை கொத்துக்கறி இல்லையென்றால் மாமனார் முகம் வாடிவிடும். அதற்கு ஈடாக ஒரே ஒரு பொருள் சொல்லுங்கள் அக்கா.
— திண்டுக்கல் வாசகி

ஒரே ஒரு பொருள் கிடையாது அம்மா. அதைத் தேடப் போய்த்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள்.

கொத்துக்கறி வாணலியில் என்ன செய்கிறது என்று பாருங்கள். பல்லுக்குக் கடிபடுகிறது. அதன் கொழுப்பு உருகி மசாலாவை வதக்குகிறது. அதன் சாறு இறங்கி, நாக்கில் நின்று நிதானமாகப் போகும் ஒரு ருசியைக் கொடுக்கிறது. கடைசியில் தண்ணீர் வற்றியதும் சிவந்து முறுகி வாசம் தருகிறது. ஆக, நான்கு வேலை. நான்கையும் தனி ஆளாகச் செய்கிற காயோ பருப்போ எனக்குத் தெரிந்து இல்லை. வேலையைப் பிரித்துக் கொடுங்கள்.

கடிபடுவதற்குச் சோயா, அதாவது மீல் மேக்கர். சாற்றுக்கும் ருசிக்கும் பட்டன் காளான். கொழுப்புக்கு நல்லெண்ணெயும், தேங்காய் - முந்திரி - கசகசா அரைத்த விழுதும். சிவப்பதற்கு உங்கள் பொறுமை.

அரைக் கிலோ கொத்துக்கறி போடும் இடத்தில் 100 கிராம் உலர்ந்த சோயா, கால் கிலோ காளான் போதும். சோயா ஊறினால் ஏறக்குறைய மூன்று மடங்கு எடை ஏறும். காளான் வதங்கினால் பாதியாகிவிடும். காளானைப் பொடியாகக் கொத்தி, உப்புப் போடாமல், அகலமான இரும்புச் சட்டியில் பெரிய தீயில் வதக்குங்கள். முதலில் தண்ணீர் விடும். பயப்படாதீர்கள், அது முழுக்க வற்றட்டும். அதற்குப் பிறகுதான் காளான் பழுப்பேறும், வாசம் வரும். பாதி வழியில் மசாலாவைக் கொட்டிவிடுகிறவர்களுக்குக் கிடைப்பது வேகவைத்த காளான்தான். சீரகசம்பா சாதத்தோடு மாமனாருக்குப் பரிமாறிவிட்டு எனக்கு எழுதுங்கள்.

மீல் மேக்கரை எப்படிச் சமைத்தாலும் ஒரு பச்சை வாடை அடிக்கிறது. பிள்ளைகள் தட்டில் ஒதுக்கிவிடுகிறார்கள்.
— நாமக்கல்

வாடை உங்கள் கையில் இல்லை, பொருளிலேயே இருக்கிறது. சோயா பயற்றில் லிப்பாக்சிஜனேஸ் என்றொரு நொதி உண்டு. பயற்றை உடைத்தவுடன் அது எண்ணெயின் மேல் வேலை செய்து, பச்சைப் புல் வாடை தரும் ஹெக்சனால் போன்றவற்றை உண்டாக்குகிறது. நாம் வாங்கும் மீல் மேக்கர், எண்ணெய் பிழிந்தெடுத்த பிறகு மிஞ்சும் சோயா மாவைச் சூட்டிலும் அழுத்தத்திலும் தள்ளிப் பொரியச் செய்தது. எண்ணெய் போனாலும் வாடையில் கொஞ்சம் தங்கிவிடுகிறது.

போக்குவது கடினமில்லை. கொதிக்கும் தண்ணீரில் உப்பும் ஒரு துண்டு இஞ்சியும் தட்டிப்போட்டு, சோயாவைப் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். வடித்து, பச்சைத் தண்ணீரில் அலசி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துப் பிழியுங்கள். மறுபடியும் தண்ணீர், மறுபடியும் பிழிதல். வடியும் தண்ணீர் தெளியும் வரைக்கும். இந்தப் பிழிதலைத்தான் பலர் சோம்பலில் விட்டுவிடுகிறார்கள். உள்ளே தண்ணீர் நிறைந்திருந்தால் மசாலா எங்கே போய் உட்காரும்? பிழிந்து காலி செய்த இடத்தில்தான் குழம்பு ஏறும்.

அடுத்தது, வரிசை. ஆட்டுக்கறிக்கு மசாலாவையும் கறியையும் ஒன்றாகப் போட்டு வேகவைப்போம். கறி வேக நேரமாகும், அதற்குள் மசாலாவின் பச்சையும் போய்விடும். சோயா ஏற்கெனவே வெந்தது. மசாலா பச்சையாக இருக்கும்போது போட்டால் அந்தப் பச்சையை அப்படியே உள்ளே இழுத்துப் பூட்டிக்கொள்ளும். பிறகு அரை மணி நேரம் கொதிக்கவிட்டாலும் வெளியே வராது. ஆகவே வெங்காயம், தக்காளி, மசாலா எல்லாம் எண்ணெய் பிரியும் வரை வதங்கட்டும். தனியாக இரண்டு கரண்டி எண்ணெயில் முறுவலாக வறுத்த சோயாவை அதற்குப் பிறகு சேருங்கள். எண்ணெயில் கஞ்சத்தனம் வேண்டாம். சோயாவில் கொழுப்பே கிடையாது, நாம் கொடுத்தால்தான் உண்டு.

மீல் மேக்கரைக் குருணையாக விற்கிறார்களே, அது நல்லதா? உருண்டையா?
— சேலம்

அவசரத்துக்குக் குருணை. ருசிக்கு உருண்டை. ஊறவைத்துப் பிழிந்த உருண்டையை மிக்ஸியில் விட்டு விட்டு இரண்டு சுற்று சுற்றினால் சின்னதும் பெரியதுமாக உதிரும். கத்தியால் கொத்திய கறியிலும் அப்படித்தானே இருக்கும்? எல்லாம் ஒரே அளவில் இருந்தால் வாய்க்குச் சலித்துவிடும்.

என் மகளுக்குச் சோயா ஒத்துக்கொள்ளாது, உடம்பெல்லாம் தடிக்கிறது. எங்களுக்கு வழியே இல்லையா?
— தஞ்சாவூர்

உங்கள் ஊர்க்காரர்கள் கையிலேயே வழி இருக்கிறது. பருப்பு உசிலி.

இதை நான் முழு மனதோடு சொல்கிறேன்: கொத்துக்கறிக்கு மாற்று என்று உலகம் முழுக்கத் தேடுகிறவர்கள் உசிலியைப் பார்த்தால் தேடுவதை நிறுத்திவிடுவார்கள். கடலைப்பருப்பும் துவரம்பருப்பும் பாதிப் பாதி. இரண்டு மணி நேரம் ஊறட்டும். காய்ந்த மிளகாய், சோம்பு, பூண்டு சேர்த்து, தண்ணீர் விடாமல் கரகரப்பாக அரைத்து, இட்லித் தட்டில் பன்னிரண்டு பதினைந்து நிமிடம் வேகவையுங்கள். முழுக்க ஆறிய பிறகு கையால் உதிருங்கள். சூட்டோடு உதிர்த்தால் பிசுபிசுக்கும். ஆறினால் மணல் மணலாக, கடிபடும் உதிரியாக வரும்.

பெருங்காயமும் பீன்ஸும் சேர்த்தால் அது உசிலி. அதையே பட்டை, கிராம்பு, சின்ன வெங்காயம், தக்காளி, கறிமசாலாவில் புரட்டி, எண்ணெய் விட்டுச் சுருள வதக்கினால் கொத்துக்கறி வறுவலின் இடத்தில் தைரியமாக வைக்கலாம். தோசைக்கு நடுவே வைத்து மடித்தால் இன்னும் நன்று. மைசூர் பருப்பை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள், குழைந்துவிடும்.

உங்கள் மகளுக்குப் பருப்பு வகைகள் எல்லாம் ஒத்துக்கொள்கின்றனவா என்று மட்டும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சோயாவும் அந்தக் குடும்பம்தான்.

கறி வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டியதுதானே? வேண்டாம் என்று சொல்லிவிட்டு அதே மாதிரி செய்து சாப்பிடுவது என்ன நியாயம்?
— விருதுநகர்

கறியை விடுகிறவர்கள் ருசி பிடிக்காமல் விடுவதில்லை ஐயா. ஒருவருக்கு இதயத்தில் அடைப்பு. ஒருவருக்கு விரதம். ஒருவர் ஆட்டை வளர்த்துப் பழகி, பிறகு வெட்ட மனமில்லாமல் போனவர். கறி விலை கட்டுப்படியாகாதவர்கள் எத்தனையோ பேர். இவர்கள் யாரும் சோம்பும் கசகசாவும் தேங்காயும் அரைத்த வாசத்தோடு கோபித்துக்கொண்டு போகவில்லை. அந்த மசாலா ஆட்டுக்கு மட்டும் எழுதிவைத்த சொத்து அல்ல.

சீனத்துப் பௌத்த மடங்களின் சமையலறைகளில் கோதுமைப் புரதத்தையும் சோயாவையும் கொண்டு கறி போலச் செய்வது நூற்றாண்டுக் கணக்கில் நடந்துவருகிறது. கொல்லாமையை அவர்களைவிடக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தவர்கள் குறைவு. விருந்துக்கு வந்தவரின் நாக்கை மதித்தார்கள், அவ்வளவுதான்.

வாழைப்பூ கோலா எண்ணெயில் போட்டதும் பிரிந்துவிடுகிறது. கறிக்கோலா ஒருநாளும் உடைந்ததில்லை. ஏன்?
— காரைக்குடி

நல்ல கேள்வி, அதுவும் கோலாவின் சொந்த ஊரிலிருந்து!

கறியைக் கொத்தி உப்புப் போட்டுப் பிசைந்தால் அதன் புரதம் பசையாக வெளியே வரும். எண்ணெயின் சூட்டில் அந்தப் பசை இறுகி உருண்டையைப் பிடித்துக்கொள்ளும். வாழைப்பூவில் அப்படி ஒன்றும் இல்லை. அதில் நாரும் தண்ணீரும்தான். பிடித்துக்கொள்ள வேறு ஆள் வைக்க வேண்டும்.

அதற்காக வேகவைத்த பருப்பைச் சேர்க்கிறவர்கள் உண்டு. பலன் இராது. வெந்த பருப்பு ஒருமுறை இறுகி முடிந்துபோனது, மறுபடி இறுகாது. ஊறவைத்து அரைத்த பச்சைப் பருப்புதான் எண்ணெயில் விழுந்தபின் இறுகும். மசால்வடை உடையாததும் இதனால்தான். எகிப்திலும் லெபனானிலும் ஃபலாஃபெல் என்று பயற்று உருண்டை பொரிக்கிறார்கள். எகிப்தியர் உரித்த மொச்சை வகையில், லெபனானியர் கொண்டைக்கடலையில். இரண்டு இடத்திலும் ஊறவைப்பார்கள், வேகவைக்க மாட்டார்கள்.

ஆக, ஒரு நடுத்தர வாழைப்பூவுக்கு ஒரு கைப்பிடி ஊறிய கடலைப்பருப்பைக் கரகரப்பாக அரைத்துச் சேருங்கள். பூவை நரம்பு நீக்கி, மோர்த்தண்ணீரில் போட்டு, மஞ்சள்தூளோடு அரைவேக்காடாக வேகவைத்து, ஒட்டப் பிழியுங்கள். தேங்காய், சோம்பு, கசகசா, பொட்டுக்கடலை அரைப்பில் தண்ணீர் ஒரு சொட்டுகூட வேண்டாம். பொட்டுக்கடலைப் பொடிதான் மிச்ச ஈரத்தைக் குடிக்கும்; கலந்தபின் கால் மணி நேரம் அப்படியே விட்டால்தான் முழுக்கக் குடிக்கும். உப்பை மட்டும் உருட்டுவதற்குச் சற்றுமுன் போடுங்கள். முன்னதாகப் போட்டால் வெங்காயமும் பூவும் தண்ணீர் விட்டு எல்லாவற்றையும் இளக்கிவிடும்.

முதலில் ஒரே ஒரு உருண்டையைப் போட்டுப் பாருங்கள். பிரிந்தால் இன்னும் ஒரு கரண்டி பொட்டுக்கடலைப் பொடி. எண்ணெய் காயாமல் போட்டாலும் பிரியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சேனைக்கிழங்கிலும் வாழைக்காயிலும் மாவுச்சத்து இருப்பதால் இவ்வளவு கெஞ்ச வேண்டியதில்லை. முதல்முறை செய்கிறவர்கள் சேனையில் ஆரம்பியுங்கள்.

பலாக்காயைக் கறி என்றே சொல்கிறார்கள். கறியில் உள்ள சத்து இருக்குமா?
— பண்ருட்டி

நார் நாராகப் பிரிவதில் பலாப்பிஞ்சை அடிக்க ஆளில்லை. தமிழ்நாட்டின் மாநிலப் பழம் அது, 2018 முதல் கேரளத்துக்கும் அதுவே. ஆனால் புரதக் கணக்கில் அது கறிக்குப் பக்கத்தில்கூட நிற்காது. 100 கிராம் ஆட்டுக்கறியில் ஏறக்குறைய 20 கிராம் புரதம். பலாப்பிஞ்சில் இரண்டு மூன்று கிராம்தான். காளானும் அதே அளவில்தான் நிற்கிறது.

உலர்ந்த சோயாவில் 100 கிராமுக்கு 50 கிராமுக்கு மேல் புரதம் என்று பொட்டலத்தில் போட்டிருப்பார்கள். அது உண்மை. ஆனால் நாம் சாப்பிடுவது ஊறிய சோயாவை. ஊறியபின் 100 கிராமில் 16, 17 கிராம் என்று கணக்கு வையுங்கள். அப்போதும் இவற்றில் கறிக்கு அருகில் வருவது அதுதான். வெந்த பருப்பில் ஏழு முதல் ஒன்பது.

பலாக்கறி செய்கிற அன்றைக்குப் பக்கத்தில் ஒரு சுண்டலோ கெட்டிப் பருப்போ இருக்கட்டும். ருசியும் சத்தும் ஒரே கிண்ணத்தில்தான் வரவேண்டும் என்று சட்டமில்லை.

கறியை அடியோடு நிறுத்துகிறவர்கள் இரண்டு விஷயத்தில் கவனமாக இருங்கள். பயறு, கீரையில் உள்ள இரும்புச்சத்து கறியில் உள்ளதைப்போல் எளிதாக உடம்பில் சேராது. எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள், சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள், தடுக்கும். வைட்டமின் பி12 எந்தக் காயிலும் பயற்றிலும் இல்லை. பால், முட்டையும் எடுக்காதவர்கள் மருத்துவரிடம் கேட்டு மாத்திரையாக எடுத்தே ஆகவேண்டும். இதில் அலட்சியம் வேண்டாம். நரம்பைப் பாதிக்கும் குறைபாடு அது.

சோயா சாப்பிட்டால் ஆண்களுக்கு ஆண்மை குறையுமாமே? ஜிம்மில் எல்லோரும் சொல்கிறார்கள்.
— சென்னை, 24 வயது

குறையாது தம்பி. சோயாவில் உள்ள ஐசோஃபிளேவோன்கள் பெண்களின் ஈஸ்ட்ரோஜனைப் போன்ற அமைப்புக் கொண்டவை என்பதால் கிளம்பிய பயம் இது. பல ஆய்வுகளைச் சேர்த்து அலசிப் பார்த்தவர்கள், சாதாரண அளவில் சாப்பிடும் ஆண்களின் டெஸ்டோஸ்டிரோனில் மாற்றம் எதையும் காணவில்லை. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் மட்டும், மாத்திரைக்கும் சோயாவுக்கும் நடுவே சில மணி நேரம் இடைவெளி விடுங்கள். மாத்திரை உடம்பில் ஏறுவதைச் சோயா குறைக்கும்.

நோன்புக் கஞ்சிக்கு எங்கள் வீட்டில் கைமா போடுவோம். வாப்பாவுக்கு மருத்துவர் ஆட்டிறைச்சியை நிறுத்தச் சொல்லிவிட்டார். கஞ்சியின் மணம் குறையாமல் செய்ய முடியுமா?
— கீழக்கரை

முடியும் அம்மா. கஞ்சியில் கைமாவின் அளவு கொஞ்சம், வேலை பெரிது. அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் உடம்பைக் கொடுத்துவிடுகின்றன. கைமா தருவது அடிநாக்கு ருசி.

அந்த ருசிக்குக் காரணமான குளூட்டமேட்டை ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா 1908இல் கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்தார். காளானிலும் பழுத்த தக்காளியிலும் அது நிறைய உண்டு. உலர்ந்த ஷிடாகே காளான் கிடைத்தால் இரண்டை ஊறவைத்து, ஊறிய தண்ணீரோடு சேருங்கள். உலர்ந்த காளானில் உள்ள இன்னொரு பொருள் இந்த ருசியைப் பல மடங்கு தூக்கிக் காட்டும். பட்டை, ஏலம், இஞ்சி பூண்டு விழுதோடு பொடியாக நறுக்கிய காளானைப் பழுப்பேற வதக்கி, ஒரே ஒரு பிடி சோயாக் குருணை சேர்த்து, அதன்மேல் அரிசியைப் போடுங்கள். சோயா அதற்கு மேல் வேண்டாம், கஞ்சியை உறிஞ்சிக் கட்டியாக்கிவிடும். புதினாவும் மல்லியும் வழக்கம்போல். வாப்பா நோன்பு திறந்து நிறைவாகக் குடிக்கட்டும்.

என் கணவர் ஒரு வாய் வைத்ததும் கண்டுபிடித்துவிடுகிறார்.
— மதுரை

ஒளித்துப் பரிமாறினால் கண்டுபிடிக்கத்தான் செய்வார். சொல்லியே பரிமாறுங்கள். கறியை முழுக்க விடவேண்டிய கட்டாயம் வீட்டில் இல்லையென்றால், பாதி கறி, பாதி வதக்கிய காளான் என்று தொடங்குங்கள். கறியின் கொழுப்பும் சாறும் காளானுக்குள் ஏறிவிடும். செலவும் குறையும், கொழுப்பும் குறையும். ஷாமி கபாபில் கடலைப்பருப்பும், கைமாவில் பச்சைப் பட்டாணியும் காலங்காலமாகச் சேர்ந்துதான் வருகின்றன. யாரும் குறை சொன்னதில்லை.

எங்கட ஊரில சோயா மீற் இல்லாத வீடு இல்லை. ஆனால் ரோல்ஸுக்குள்ள வைச்சால் உருளைக்கிழங்கோட சேர்ந்து களியாப் போகுது.
— யாழ்ப்பாணம்

கிழங்கைக் குறையுங்கள், அதுவும் தோலோடு அவித்துச் சூடாற விட்டு மசியுங்கள். உரித்து வெட்டி அவித்த கிழங்கு தண்ணீர் குடித்திருக்கும். சோயாவைப் பிழிந்து தனியே பொரித்து, கறிவேப்பிலை, பச்சைமிளகாய், மிளகுத்தூளோடு உலரப் பிரட்டி, கடைசியில் கிழங்கோடு கலவுங்கள். பிலாக்காய் கிடைக்கும் காலத்தில் சோயாவில் பாதியை அதற்கு மாற்றிப் பாருங்கள். மஞ்சள் போட்டு அவித்து உரலில் ஒரு இடி இடித்தால் இறைச்சி போலவே பிரியும். நிரப்புவதற்கு முன் கலவை நன்றாகக் குளிர வேண்டும். சூடாக வைத்தால் ரொட்டி நனைந்து பொரிக்கும்போது கிழியும்.

டோஃபுவை உதிர்த்தால் முட்டைப் பொரியல் மாதிரி இருக்கிறது. கறி மாதிரி வருமா?
— பெங்களூரு, விடுதி மாணவி

ஃப்ரீசரில் ஒரு இரவு வையுங்கள். உள்ளே உள்ள தண்ணீர் ஐஸாகிப் பெருத்து, உருகும்போது ஓட்டை ஓட்டையாக விட்டுப் போகும். மறுநாள் பிழிந்து உதிர்த்தால் கடிபடும், மசாலாவும் பிடிக்கும். ஜப்பானில் கோயா மலைத் துறவிகளின் பெயரால் வழங்கும் டோஃபு இப்படி உறையவைத்து உலர்த்தியதுதான்.

தெம்பே எங்களுக்குச் சந்தையிலேயே மலிவாகக் கிடைக்கிறது. வறுத்துத்தான் தின்கிறோம். கொத்துக்கறி ஆகுமா?
— கோலாலம்பூர்

உங்கள்மேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. ஜாவாக்காரர்கள் உலகத்துக்குக் கொடுத்த கொடை அது. சோயா முழுப் பயறாகவே இருப்பதும், பூஞ்சை அதைப் புளிக்கவைத்துக் கட்டுவதும் கடிக்கும் ருசிக்கும் சேர்த்தே வழிசெய்துவிடுகின்றன. லேசான கசப்பு உண்டு. பத்து நிமிடம் ஆவியில் வேகவைத்தால் போய்விடும். பிறகு கையால் உதிர்த்து, எண்ணெயில் சிவக்கவிட்டு, நம் கறி மசாலாவில் போடுங்கள். பிழியும் வேலையே இல்லை.

வெளிநாட்டில் ரத்தம் வடிகிற மாதிரி செடிக்கறி செய்கிறார்களாமே? நாமும் வாங்க வேண்டுமா?
— கோயம்புத்தூர்

அமெரிக்காவின் இம்பாசிபிள் ஃபுட்ஸ் 2016இல் கொண்டுவந்த பர்கரைச் சொல்கிறீர்கள். சோயா வேர் முடிச்சில் இருக்கும் லெக்ஹீமோகுளோபின் என்ற சிவப்புப் புரதத்தை ஈஸ்ட்டில் வளர்த்துச் சேர்க்கிறார்கள். உடையாமல் இருக்க மெத்தில்செல்லுலோஸ். சூடானால் இறுகி, ஆறினால் இளகும் பொருள். கெட்டிக்காரத்தனமான வேலைதான்.

ஆனால் அவர்கள் பாடுபடுவது மசாலா அதிகம் சேராத ஒரு பர்கருக்காக. நம் கொத்துக்கறியில் சிவப்பு நிறத்துக்கு மிளகாய் இருக்கிறது, வாசத்துக்குப் பட்டை சோம்பு இருக்கிறது, பிடிப்புக்குப் பொட்டுக்கடலை இருக்கிறது. விலை கொடுத்து வாங்க வேண்டிய தேவை நமக்குக் குறைவு. பொட்டலக் கறி எதை வாங்கினாலும் உப்பின் அளவைப் பாருங்கள். சிலவற்றில் மிக அதிகம். கோதுமை ஒவ்வாதவர்கள் குளூட்டன் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பச்சைப் புள்ளி இருந்தால் பால்கூட இல்லை என்று அர்த்தமா?
— திருநெல்வேலி

இல்லை. பச்சைப் புள்ளிப் பொருளில் பால் இருக்கலாம். விலங்கிலிருந்து வந்தது எதுவுமே இல்லாத உணவுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி தனி முத்திரை உண்டு. அதைத் தேடுங்கள்.

மீந்துபோன சோயா கொத்துக்கறி மறுநாள் வறட்டென்று ஆகிவிடுகிறது.
— ஈரோடு

இரவெல்லாம் குழம்பைக் குடித்திருக்கும். கால் டம்ளர் வெந்நீரும் ஒரு கரண்டி தேங்காய்ப்பாலும் தெளித்து, மூடி, சிறுதீயில் ஐந்து நிமிடம். அல்லது சூடாக்கவே வேண்டாம். அந்த வறட்சி சமோசாவுக்கும் பரோட்டா கொத்துவதற்கும்தான் சரியான பதம். மாலைவரை ஃப்ரிட்ஜில் வைத்திருங்கள்.